மீன் எண்ணெயும் மனச்சோர்வும்: முப்பதாண்டுத் தேடலில் எஞ்சியது என்ன?

1998இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் கடிதம் ஒன்று வெளியானது. எழுதியவர் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜோசப் ஹிபெல்ன். ஒன்பது நாடுகளை எடுத்துக்கொண்டு, அங்கே ஒருவர் ஆண்டுக்கு எவ்வளவு மீன் உண்கிறார், நூற்றுக்கு எத்தனை பேர் ஆண்டுதோறும் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்ற இரண்டையும் ஒரே வரைபடத்தில் பொருத்திக் காட்டியிருந்தார். மீன் மிகுதியாக உண்ணும் ஜப்பானில் 0.12 விழுக்காடு. அந்த அளவுக்கு உண்ணாத நியூசிலாந்தில் 5.8 விழுக்காடு. மற்ற நாடுகள் இவ்விரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாய்கோட்டில் அமர்ந்தன. மீன் கூடக்கூட மனச்சோர்வு குறைகிறது என்று படிக்கத் தூண்டும் படம் அது.

அதன்பின் மனச்சோர்வுக்கும் உணவுக் கொழுப்புக்கும் உள்ள உறவைப் பற்றி நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. மீன் எண்ணெய் மாத்திரை மனத்துக்கும் நல்லது என்ற பேச்சு மருந்துக் கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆய்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ‘கொழுப்பு மனநிலையைப் பாதிக்குமா?’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடைப்பதில்லை. எந்தக் கொழுப்பு, யாருக்கு, நோய் வருமுன்பா வந்தபின்பா என்று பிரித்துக் கேட்டால்தான் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும் முடிவுகள் ஓர் ஒழுங்குக்கு வருகின்றன.

மூளையில் கொழுப்பின் இடம்

நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மூளையின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்புப் பொருள்கள்தான். உடம்பில் வேறெங்கோ சேர்ந்துகிடக்கும் சேமிப்புக் கொழுப்பைப் போன்றதல்ல இது. நரம்புச் செல்களின் சவ்வும், நரம்பிழைகளைச் சுற்றிய உறையும் இதனால் ஆனவை. செரட்டோனின், டோபமைன் போன்ற வேதிச் செய்திகளை வாங்கும் ஏற்பிகள் இந்தச் சவ்வில்தான் பதிந்திருக்கின்றன. சவ்வில் எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் நெகிழ்ச்சி மாறும். ஏற்பிகளின் செயலும் மாறக்கூடும்.

1929இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்து, அவை தோல் உரிந்து வளர்ச்சி குன்றி இறப்பதைக் கண்டார்கள். சில கொழுப்பு அமிலங்களை உடம்பால் தயாரித்துக்கொள்ள முடியாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும் என்பது அப்போது தெரியவந்தது. அவை இரண்டு: ஒமேகா-6 குடும்பத்தின் லினோலிக் அமிலம், ஒமேகா-3 குடும்பத்தின் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். முதலாவதிலிருந்து உடம்பு அராக்கிடோனிக் அமிலத்தைத் தயாரிக்கிறது. இரண்டாவதிலிருந்து இபிஏ, டிஹெச்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இரண்டு நீண்ட சங்கிலி அமிலங்களைத் தயாரிக்கிறது. இரு குடும்பங்களும் ஒரே நொதிகளுக்குப் போட்டியிடுகின்றன. ஒமேகா-3 பாதையில் மாற்றம் மிகக் குறைவாகவே நடக்கிறது: உண்ட ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தில் சிறு பங்கே இபிஏ ஆகிறது, டிஹெச்ஏ ஆவது அதனினும் சிறிது. இவ்விரண்டையும் நேரடியாகத் தரும் உணவு என்றால் அது மீனும் பிற கடல் உணவும்தான். மீனுக்கே அவை கடற்பாசிகளிலிருந்து வருகின்றன.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. மூளைச் சவ்வில் குவிந்திருப்பது டிஹெச்ஏ. இபிஏ அங்கே மிகச் சொற்பம். ஆகவே மனச்சோர்வுக்கு ஒமேகா-3 பலன் தருமானால் அது டிஹெச்ஏ வழியாகத்தான் இருக்கும் என்று தொடக்ககால ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். சோதனைகள் வேறு திசையைக் காட்டின.

கூட்டத்தைப் பார்த்துச் சொன்னவை

முதலில் ஹிபெல்னின் வரைபடத்துக்கே வருவோம். நாடுகளின் சராசரிகளை ஒப்பிடும் ஆய்வில் தனி மனிதர்கள் கண்ணில் படுவதில்லை. மீன் உண்ட ஜப்பானியருக்குத்தான் மனச்சோர்வு வரவில்லையா என்பதை அது சொல்லாது. மனத்துயரை மருத்துவரிடமோ கணக்கெடுப்பாளரிடமோ வெளிப்படையாகச் சொல்லும் வழக்கம் நாட்டுக்கு நாடு மாறுபடும். அந்தக் கடிதம் வெளியான அதே 1998இல்தான் ஜப்பானில் ஓராண்டுத் தற்கொலைகளின் எண்ணிக்கை முதன்முறையாக 30,000ஐத் தாண்டியது. 2011 வரை அந்த எல்லைக்குக் கீழே இறங்கவில்லை. இந்தச் சாவுகளின் பின்னே பொருளாதாரச் சரிவு உட்படப் பல காரணங்கள் உண்டு. எனினும் 0.12 விழுக்காடு என்ற எண்ணை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு இதுவே போதும்.

தனி மனிதர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2001இல் பின்லாந்தில் வெளியான ஆய்வொன்று, வாரத்துக்கு ஒருமுறைகூட மீன் உண்ணாதவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. மூன்றே ஆண்டுகளில் அதே பின்லாந்தில் 29,133 ஆண்களின் தரவுகளை அலசிய இன்னோர் ஆய்வு, உணவில் உள்ள ஒமேகா-3க்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பே காணவில்லை. 2016இல் சீன ஆய்வாளர்கள் ஒன்றரை லட்சம் பேரை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்தபோது, மீன் மிகுதியாக உண்பவர்களுக்கு ஆபத்து 17 விழுக்காடு குறைவு என்று கணக்கு வந்தது. கண்டம் கண்டமாகப் பிரித்தபோது ஐரோப்பாவில் மட்டுமே அந்தத் தொடர்பு உறுதியாக நின்றது.

இரத்தப் பரிசோதனைகள் இன்னும் சற்றுத் திடமான சான்று. 2010இல் தைவான் மனநல மருத்துவர் சூ குவான்-பின் குழுவினர் 14 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களின் இரத்தத்தில் இபிஏயும் டிஹெச்ஏயும் குறைவாக இருந்தன. அராக்கிடோனிக் அமில அளவில் வேறுபாடு இல்லை. ஆனால் குறைவு காரணமா விளைவா? மனச்சோர்வு பசியைக் கெடுக்கும், சமைக்கும் ஊக்கத்தைக் கெடுக்கும், சிலரைப் புகைக்கும் மதுவுக்கும் தள்ளும். இவையெல்லாம் இரத்தத்தின் கொழுப்பமில அளவை மாற்றக்கூடியவை. மீன் வாங்கி உண்பவருக்கு வருமானமும் உடற்பயிற்சியும் உறவுகளும் கூடுதலாக இருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, ஆட்களைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மீன் எண்ணெயும் மறு பிரிவுக்கு மருந்துப்போலியும் கொடுத்துப் பார்ப்பது.

சிறு சோதனைகளின் பெரும் நம்பிக்கை

இவ்வகைச் சோதனைகளில் முதலில் பேசப்பட்டது 1999இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஸ்டோல் வெளியிட்டது. இருமுனை மனநோய் உள்ள 30 பேரில் ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 9.6 கிராம் ஒமேகா-3, மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய். நான்கு மாதத்தில் ஒமேகா-3 பிரிவினர் நோய் திரும்பாமல் தாக்குப்பிடித்தார்கள். பின்வந்த சோதனைகளில் அதே பலன் சீராகக் கிடைக்கவில்லை என்றாலும் கதவு திறந்துவிட்டது.

2002இல் இஸ்ரேலில் 20 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு, அவர்கள் எடுத்துவந்த மருந்தோடு நாளுக்கு 2 கிராம் இபிஏ சேர்த்துக் கொடுக்கப்பட்டது. நான்கே வாரத்தில் முன்னேற்றம் தெரிந்தது. அதே ஆண்டில் பிரிட்டனில் மால்கம் பீட், டேவிட் ஹோராபின் இருவரும் மருந்துக்கு முழுப் பலன் காணாத 70 பேரைச் சோதித்தார்கள். நாளுக்கு 1 கிராம் இபிஏ பெற்றவர்களுக்குப் பலன் கிடைத்தது. 2 கிராமும் 4 கிராமும் பெற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. மருந்தியலில் இது வழக்கமான நடத்தை அல்ல. அந்த இபிஏயைத் தயாரித்த நிறுவனத்தை நடத்தியவர் ஹோராபின்தான் என்பதும் வாசகர் அறிய வேண்டிய தகவல். 2008இல் டெஹ்ரானில் 60 பேரிடம் நடந்த சோதனை இன்னும் துணிச்சலானது: 1 கிராம் இபிஏ, 20 மில்லிகிராம் ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து, இரண்டும் சேர்த்து என மூன்று பிரிவு. எட்டு வாரத்தில் இபிஏ தனியாக ஃபுளுவாக்ஸெட்டினுக்கு ஈடாக நின்றது. இரண்டும் சேர்ந்தபோது பலன் இன்னும் கூடியது.

இதற்கிடையே 2003இல் அமெரிக்காவில் டிஹெச்ஏயை மட்டும் நாளுக்கு 2 கிராம் வீதம் 36 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். மருந்துப்போலியைவிட அது மேலாக இல்லை. மூளை நிறைய இருக்கும் டிஹெச்ஏ கைகொடுக்கவில்லை, மூளையில் அரிதான இபிஏ கைகொடுக்கிறது என்ற கோலம் இப்படித்தான் உருவானது.

எண்ணிக்கை பெருகியபோது

இருபது பேர், எழுபது பேர் அளவில் கண்ட பலன் ஆட்கள் பெருகும்போது மெலிவது மருத்துவ ஆய்வில் பழகிய கதை. பலன் தெரிந்த சிறு சோதனை அச்சேறும். தெரியாதது மேசை இழுப்பறையில் உறங்கிவிடும். 2009இல் இதய நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 122 பேரில் ஒரு பிரிவினருக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தோடு ஒமேகா-3 சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் எதுவும் இல்லை. 2011இல் கனடாவில் 432 பேரை வைத்து நடந்த, அதுவரையில் மிகப் பெரியதாக இருந்த சோதனையில், ஒட்டுமொத்தக் குழுவில் பலன் புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை. பதற்ற நோய் கூடவே இல்லாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது.

ஏறக்குறைய ஒரே தரவுக் குவியலைத் தொகுத்தவர்களும் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தார்கள். 2011இல் 15 சோதனைகளைத் தொகுத்த எலிசபெத் சப்லெட் குழு, எண்ணெயில் இபிஏயின் பங்கு 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தவற்றில் மட்டுமே பலன் உண்டு என்றது. மறு ஆண்டே 13 சோதனைகளைத் தொகுத்த மைக்கேல் ப்ளாக், ஜோனாஸ் ஹானஸ்டாட் இருவரும், வெளியீட்டுச் சாய்வைக் கழித்துவிட்டால் எஞ்சும் பலன் ஒன்றுமில்லாததற்குச் சமம் என்றார்கள். இரு தரப்பின் கணக்கிலும் தவறில்லை. எந்தச் சோதனைகளைச் சேர்ப்பது, எதை நோயாகக் கொள்வது என்ற முடிவில்தான் வேறுபாடு. ப்ளாக்கின் தொகுப்பை விமர்சித்தவர்கள் இபிஏ மிகுந்த எண்ணெயையும் டிஹெச்ஏ மிகுந்த எண்ணெயையும் ஒரே தட்டில் போட்டு நிறுத்ததுதான் சிக்கல் என்றார்கள்.

நடுவர் இடத்தில் வைக்கத்தக்கது மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2021இல் புதுப்பித்த மதிப்பாய்வு. மனச்சோர்வின் கடுமையை அளக்கும் ஹாமில்ட்டன் அளவுகோலில் ஒமேகா-3 பெற்றவர்களுக்கும் மருந்துப்போலி பெற்றவர்களுக்கும் இடையே சராசரி வேறுபாடு ஏறத்தாழ 2.5 புள்ளி. நோயாளி தன் வாழ்வில் உணரக்கூடிய மாற்றத்துக்குக் குறைந்தது 3 புள்ளி வேண்டும். பலன் இருக்கிறது, ஆனால் சராசரி நோயாளி அதை உணரும் அளவுக்கு இல்லை; சான்றின் தரமும் குறைவு என்பது அவர்கள் தீர்ப்பு. சராசரி என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் கொஞ்சம் பலன் கிடைத்தாலும் சராசரி சிறியதாகத்தான் வரும். சிலருக்கு நிறையவும் பலருக்கு ஒன்றுமில்லாமலும் கிடைத்தாலும் அப்படியேதான் வரும்.

நோய் வருமுன் தடுக்குமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் விடை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2,399 கருவுற்ற பெண்களில் ஒரு பிரிவினருக்கு டிஹெச்ஏ மிகுந்த மீன் எண்ணெய் கொடுத்த சோதனையின் முடிவு 2010இல் வெளியானது. பேறுகாலத்துக்குப் பின்னான மனச்சோர்வு அதனால் குறையவில்லை. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் அதிக எடையோ உடற்பருமனோ உள்ள 1,025 பேரிடம் நடந்து 2019இல் முடிவு வெளியான சோதனையில், ஒமேகா-3 உட்படப் பல சத்துகள் அடங்கிய மாத்திரையை ஓராண்டு எடுத்தவர்களுக்கும் மனச்சோர்வு குறையவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 18,353 பேரிடம் நடந்த சோதனை. நாளுக்கு 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரையோடு ஐந்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். 2021இல் வெளியான முடிவு நம்பிக்கையாளர்களைத் திகைக்கவைத்தது: மீன் எண்ணெய்ப் பிரிவில் 651 பேருக்கும் மருந்துப்போலிப் பிரிவில் 583 பேருக்கும் மனச்சோர்வு வந்தது. ஆபத்து 13 விழுக்காடு கூடியதாகக் கணக்கு. மனநிலை மதிப்பெண்களில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லாததால், மீன் எண்ணெய் மனச்சோர்வை வரவழைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. தடுக்கிறது என்று இனிச் சொல்ல முடியாது. அந்த மாத்திரையில் இபிஏயும் டிஹெச்ஏயும் ஏறக்குறைய சரிபாதி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

யாருக்கு?

மீண்டும் அந்தப் புதிர்: மூளையில் அரிதான இபிஏ எப்படி மனத்துக்கு உதவும்? இன்று வலுவாக நிற்கும் விளக்கம் அழற்சி பற்றியது. அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. இபிஏ அதே நொதிகளை ஆக்கிரமித்து அந்த உற்பத்தியைக் குறைக்கிறது. அழற்சியைத் தணித்து முடிக்கும் ரிசால்வின் என்ற பொருள்களுக்கும் மூலமாகிறது. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினரின் இரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் உயர்ந்திருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி. இந்த விளக்கத்தின்படி இபிஏ மூளைக்குள் குடியேற வேண்டியதில்லை. உடம்பில் எரியும் தீயைத் தணித்தாலே போதும்.

இதைச் சோதித்த இரண்டு ஆய்வுகள் முக்கியமானவை. சூ குவான்-பின் குழு 2014இல், ஹெபடைட்டிஸ்-சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போடவிருந்த 152 பேரைப் பின்தொடர்ந்தது. இன்டர்ஃபெரான் அழற்சியைத் தூண்டுவது. அதைப் பெறுபவர்களில் கணிசமானோருக்கு மனச்சோர்வு வரும். ஊசிக்கு முன் இரண்டு வாரம் இபிஏ எடுத்தவர்களில் 10 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு வந்தது. டிஹெச்ஏ எடுத்தவர்களில் 28, மருந்துப்போலி எடுத்தவர்களில் 30. அழற்சியே காரணம் என்று தெரிந்த இடத்தில் இபிஏ மட்டும் வேலை செய்திருக்கிறது. 2016இல் மார்க் ரப்பபோர்ட் தலைமையில் 155 பேரிடம் நடந்த சோதனையில் மொத்தக் குழுவில் இபிஏ, டிஹெச்ஏ, மருந்துப்போலி மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. அழற்சிக் குறியீடுகள் உயர்ந்திருந்தவர்களிடம் மட்டும் இபிஏ தனித்துத் தெரிந்தது. சிறு பிரிவுகளில் கண்ட முடிவு என்பதால் பெரிய அளவில் உறுதிப்பட வேண்டும். ஆனாலும் முப்பதாண்டுச் சிதறலுக்கு ஓரளவு பொருள் சொல்லும் விளக்கம் இதுவரை இதுதான்.

இந்தப் பின்னணியில்தான் உணவுசார் மனநல மருத்துவ ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2019இல் வழிகாட்டி வெளியிட்டது: மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, இபிஏ மட்டுமோ, டிஹெச்ஏயைப் போல இரு மடங்குக்கு மேல் இபிஏ உள்ள கலவையோ, நாளுக்கு 1 முதல் 2 கிராம் இபிஏ கிடைக்கும் அளவில் கொடுக்கலாம் என்றது.

மற்ற கொழுப்புகள்

ஒமேகா-3க்குக் கிடைத்த கவனம் மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. கெடுதல் என்று விரல் நீட்டத்தக்கது டிரான்ஸ் கொழுப்பு. ஸ்பெயினின் நவார்ரா பல்கலைக்கழகப் பட்டதாரிகள் 12,059 பேரைச் சராசரி ஆறாண்டு பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வில், அதை மிக அதிகமாக உண்டவர்களுக்கு மனச்சோர்வு ஆபத்து 48 விழுக்காடு கூடுதல். இது கண்காணிப்பு ஆய்வு மட்டுமே என்பதால் காரணம் நிறுவப்பட்டதாகாது. இதயத்துக்குக் கேடு என்பது முன்பே உறுதியாகிவிட்டதால் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரி முதல் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி வந்துவிட்டது. டிரான்ஸ் கொழுப்புக்குப் பேர்போன வனஸ்பதியைக் கைவிட மனநிலையைக் காரணம் காட்ட வேண்டிய தேவையே இல்லை.

ஒமேகா-6 மிகுந்தால் மனச்சோர்வு வரும் என்ற வாதம் பரவலாக இருந்தாலும் சான்று பலவீனமானது. இரத்தத்தில் அதன் அளவு நோயாளிகளிடம் வேறுபடவில்லை என்பதை மேலே கண்டோம். கொலஸ்ட்ரால் மிகக் குறைந்தால் தற்கொலை கூடும் என்ற அச்சம் 1990களில் எழுந்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளைப் பற்றிப் பின்வந்த பெரிய சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

தனித்தனிக் கொழுப்பைவிட முழுச் சாப்பாட்டை மாற்றிப் பார்த்த சோதனை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா தலைமையில் 2017இல் வெளியானது அது. கடும் மனச்சோர்வு உள்ள 67 பேரில் ஒரு பிரிவினருக்குக் காய், பருப்பு, முழுத் தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் அடங்கிய மத்தியதரைக் கடல் பாணி உணவுக்கு வழிகாட்டினார்கள். மறு பிரிவினரோடு பேசிப் பழக ஆள் அமர்த்தினார்கள். பன்னிரண்டு வாரத்தில் உணவை மாற்றியவர்களில் 32 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 8 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டார்கள். தமக்கு எந்தச் சிகிச்சை என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும். 176 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு 67 பேரே கிடைத்தார்கள். இந்த ஐயங்களைக் கழித்துக்கொண்டாலும் மாத்திரையைவிட உணவு பேசும் சான்று இது.

நம் அடுப்படிக்கு

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், ரேஷன் கடைப் பாமாயில் என்று தமிழ்நாட்டில் புழங்கும் எந்த எண்ணெயிலும் ஒமேகா-3 சொல்லும்படி இல்லை. ஆகவே இவற்றுள் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுவதால் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை. மீன் உண்பவர்களுக்கு மத்தி, அயிலை போன்ற மலிவான கொழுப்பு மீன்களிலேயே இபிஏயும் டிஹெச்ஏயும் தாராளமாக உண்டு. விலை கூடிய வஞ்சிரத்தைத் தேட வேண்டியதில்லை. சைவர்களுக்கு ஆளி விதை ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தைத் தரும், இபிஏயாக அது மாறுவது சொற்பம். கடற்பாசி எண்ணெய் மாத்திரை அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது. வாங்கும்போது இபிஏ அளவைப் பார்க்க வேண்டும்.

மீன் எண்ணெய் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உறையின் முகப்பில் ‘1000 மி.கி.’ என்றிருப்பது எண்ணெயின் எடை. சாதாரண வகையில் அதற்குள் இபிஏ 180 மில்லிகிராம், டிஹெச்ஏ 120 மில்லிகிராம்தான். வழிகாட்டி சொல்லும் 1 கிராம் இபிஏக்கு அத்தகைய மாத்திரை நாளுக்கு ஐந்தாறு வேண்டும். அதிக அளவில் எடுப்பது சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கின்மையைக் கூட்டுவதாகப் பெரிய சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கும் அதே அறிவுரை.

ஆய்வுகளைத் தொகுத்தால் மிஞ்சுவது இதுதான். நலமாக இருப்பவர் மனச்சோர்வைத் தடுக்க மீன் எண்ணெய் மாத்திரை விழுங்குவதற்குச் சான்று இல்லை. நோய் வந்தவருக்கு, குறிப்பாக அழற்சி கூடுதலாக உள்ளவருக்கு, மருந்துக்கும் மனநல ஆலோசனைக்கும் துணையாக இபிஏ மிகுந்த எண்ணெய் உதவலாம். மருந்துக்கு மாற்றாக அதை வைப்பது ஆபத்து. அடுத்து வர வேண்டியது, அழற்சிக் குறியீட்டை முதலிலேயே அளந்து அதன்படி நோயாளிகளைப் பிரித்துச் செய்யும் பெரிய சோதனை. அது வரும்வரை மத்திக் குழம்பை நல்ல உணவாகவே கருதி உண்ணலாம். அதை மருந்தாக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.